மினாக்ஸிடில் சொட்டு, ஃபினாஸ்டரைடு மாத்திரை: இரண்டரை வருட ரிவ்யூ

முதலில் ரிசல்ட்டைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அதைத் தேடித்தான் வந்திருப்பீர்கள். முடி வந்தது. உச்சியில் வந்தது, நெற்றியோரம் வரவில்லை, அங்கே இருந்தது மேற்கொண்டு போகாமல் நின்றது. மாத்திரையை நிறுத்தி ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது, அதனால் உச்சியில் வந்ததில் ஒரு பங்கு திரும்பப் போய்விட்டது. மினாக்ஸிடில் மட்டும் இன்னும் ஓடுகிறது. நடுவில் நடந்ததுதான் இந்த ரிவ்யூ, கொஞ்சம் நீளம். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறவன், அதனாலோ என்னவோ எதையும் தேதி போட்டு எக்செல்லில் குறித்து வைக்கிற புத்தி. இந்த விஷயத்தில் அது நல்லதும் செய்தது, கெடுதலும் செய்தது.

2023 ஜூலையில் ஆரம்பித்தேன், அப்போது வயது 31. சலூன் அண்ணன்தான் காரணம். எத்தனையோ வருடமாக என் தலையைப் பார்க்கிற மனிதர், அன்றைக்குக் கத்திரியை நிறுத்திவிட்டு, “தம்பி, உச்சியில மெஷின் போட வேணாம், வெள்ளையா தெரியும்” என்றார். தென்காசிக்கு போன் போட்டு அம்மாவிடம் சொன்னால், “மெட்ராஸ் தண்ணிய்யா, நான் அப்பவே சொன்னேன்” என்றாள். எங்கள் பள்ளிக்கரணை அபார்ட்மெண்டுக்கு லாரித் தண்ணீர்தான், வாளியில் உப்புப் படிகிறது, எல்லாம் சரி. ஆனால் தென்காசியை விட்டு நகராத அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இதே வயதில் இதே உச்சியில் போன முடியை அந்த லாரி எப்படி எடுத்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. ஒரு பாட்டில் கரிசலாங்கண்ணித் தைலம் பஸ்ஸில் வந்தது. வாசனை நன்றாக இருந்தது.

அப்புறம் போனில் துரத்தித் துரத்தி வந்த ஒரு விளம்பரத்தைக் கடைசியில் தொட்டேன். கம்பெனி பேர் வேண்டாம். பன்னிரண்டு கேள்வி, தலையை மூன்று பக்கமிருந்து போட்டோ, கடைசியில் ‘டாக்டர் கால்’. போனில் கணக்குப் பார்த்தேன், மூன்று நிமிடம் நாற்பது விநாடி. பிபி உண்டா, சுகர் உண்டா, அலர்ஜி உண்டா, ஓகே சார், கிட் வந்துவிடும். கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தைக்குப் பார்க்கிறீர்களா, மனசு சரியில்லை என்று எப்போதாவது மருந்து எடுத்ததுண்டா என்று ஒரு வார்த்தை கிடையாது. மூன்று நாளில் டப்பா வந்தது. 5 சதவீத மினாக்ஸிடில் 60 மில்லி பாட்டில் மூன்று, ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் அட்டைகள், பயோட்டின் என்ற வைட்டமின் 10 மில்லிகிராம் மாத்திரை, ஒரு ஷாம்பு, ஒரு நன்றி கார்டு. பக்கவிளைவு பற்றி ஒரு தாளும் இல்லை. நன்றி கார்டு மட்டும் நல்ல கெட்டி அட்டை.

சரி, சொட்டைப் பார்ப்போம். ஒரு தடவைக்கு 1 மில்லி, காலையில் ஒன்று ராத்திரியில் ஒன்று, ஆக ஒரு பாட்டில் ஒரு மாதம். டிராப்பரில் எடுத்து உச்சியில் விட்டால் பாதி அங்கே நிற்கும், மீதி வகிடு வழியாக நெற்றிக்கு இறங்கி, புருவத்தில் கொஞ்சம் தங்கி, கண்ணோரம் வரும். காய அரை மணி நேரமாவது ஆகும், காய்ந்தபின் தலையில் லேசாகப் பசை தடவினமாதிரி ஒரு பிசுக்கு. ஹெல்மெட் போட்டால் அது உள்ளே ஒட்டும். மூன்றாவது வாரம் அரிப்பு ஆரம்பித்தது. சும்மா அரிப்பு இல்லை, மீட்டிங்கில் பேனா மூடியால் சொறிகிற அரிப்பு, தோள்பட்டை எல்லாம் வெள்ளைப் பொடி. பொடுகு என்று நினைத்து கிட்டில் வந்த ஷாம்புவைப் போட்டுப் போட்டுத் தலை இன்னும் வறண்டதுதான் மிச்சம். பிறகு தெரிந்தது, பல பேருக்கு அரிப்பது மினாக்ஸிடில் இல்லையாம், அதைக் கரைக்கச் சேர்க்கிற புரோப்பிலீன் கிளைக்கால் என்ற சமாச்சாரமாம். நுரையாக வருகிற ஃபோம் வகையில் அது கிடையாது. இந்த ஒரு தகவலை அந்த மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் சொல்லியிருக்கலாம்.

ஐந்தாவது வாரம் முடி கொட்டியது. இருந்ததைவிட அதிகமாக. குளித்து முடித்தால் வடிகால் சல்லடையில் ஒரு சின்ன எலிக்குட்டி படுத்திருக்கிற மாதிரி இருக்கும். நான் அதை எடுத்து வெள்ளை டிஷ்யூ பேப்பரில் பரப்பி எண்ணினேன், ஆமாம், எண்ணினேன், எக்செல்லில் இருக்கிறது, அதிகபட்சம் 212. என் மனைவி கதவைத் தட்டி, “ஏங்க, உள்ள என்ன பண்றீங்க?” என்று கேட்கிற அளவுக்கு எண்ணினேன். இது பக்கவிளைவு மாதிரி தெரிந்தாலும் மருந்து வேலை செய்கிற விதமே அதுதான். ஓய்வில் இருக்கிற முடிகளை மினாக்ஸிடில் சீக்கிரம் எழுப்பிவிடும், புது முடி கீழேயிருந்து கிளம்பும்போது பழசு உதிரும், சில வாரத்தில் நின்றுவிடும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பயந்துபோய் நிறுத்துகிறார்கள். எனக்கு ஒன்பதாவது வாரம் நின்றது, நாலாவது மாதம் உச்சியில் பூனைமயிர் மாதிரி வந்தது, ஆறாவது மாதம் சலூன் அண்ணன் தானாகக் கவனித்து, “என்ன தம்பி போடுறீங்க?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகச் செலவழித்த பணத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

நடுவில் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். கொட்டுகிறதே என்ற பயத்தில் 1 மில்லியை 2 மில்லி ஆக்கினேன். பத்து நாள் இருக்கும், காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே உப்பல், மோதிரம் இறுக்கம், கிண்டி ஸ்டேஷன் படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. ராத்திரி இடதுபக்கம் படுத்தால் தலையணை வழியாக என் நாடி எனக்கே கேட்டது.

இந்த மருந்தின் பிறப்பே ரத்த அழுத்தத்துக்குத்தான். அமெரிக்காவில் அப்ஜான் கம்பெனி கொண்டுவந்தது, 1979-இல் லோனிட்டன் என்ற மாத்திரையாக அனுமதி கிடைத்தது, வேறு எதற்கும் அடங்காத பிபிக்கு. ரத்தக்குழாயை விரிக்கும், கூடவே நீர் தேங்கும், இதயம் வேகமாக அடிக்கும். சாப்பிட்டவர்களுக்குக் கன்னம், கை, முதுகு என்று கண்ட இடத்தில் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவினால் என்ன என்று யோசித்தார்கள். 1988-இல் ஆண்களுக்கு 2 சதவீதச் சொட்டு, ரொகெய்ன் என்ற பேரில். ‘ரீகெய்ன்’ என்று வைக்கத்தான் ஆசைப்பட்டார்களாம், போனது திரும்ப வரும் என்று பேரிலேயே வாக்குக் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்லிவிட்டது. (நம் ஊர் எண்ணெய் விளம்பரங்களை எஃப்டிஏ பார்க்கவேண்டும்.) தலையில் தடவினால் ரத்தத்துக்குப் போவது கொஞ்சம்தான், ஆனால் அது 1 மில்லிக்கு உண்டான கணக்கு, என்னைப்போல அரித்துச் சொறிந்த தலையில் இரண்டு மடங்கு ஊற்றினால் எவ்வளவு போகும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. 2 மில்லி போட்டால் முடி இரண்டு மடங்கு வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

படபடப்புக்காகப் பக்கத்துத் தெரு பொது டாக்டரிடம் போனேன். ஈசிஜி சரியாக இருந்தது, தைராய்டு பார்க்கச் சொன்னார். ரிப்போர்ட் வந்தால் தைராய்டைத் தூண்டுகிற டிஎஸ்ஹெச் அடிமட்டத்தில், தைராய்டு சுரக்கிற டி4 மேலே. “தைராய்டு ஜாஸ்தியா வேலை செய்யுது போலிருக்கு, படபடப்பு அதனாலதான்” என்றார். மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தவர், வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார், நான் கிட்டைச் சொன்னேன். பயோட்டின் எத்தனை மில்லிகிராம் என்று கேட்டார், 10 என்றேன், பேனாவைக் கீழே வைத்தார். ஒரு நாளைக்கு மனுஷனுக்குத் தேவையே 30 மைக்ரோகிராம்தான், இது முந்நூறு மடங்குக்கும் மேல். உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பல லேப்களில் இந்தப் பரிசோதனை நடக்கிற முறையே பயோட்டினை வைத்துத்தான், ரத்தத்தில் அது மிதந்தால் ரிசல்ட் கோணலாகும். மாரடைப்புக்குப் பார்க்கிற ட்ரோப்போனின்கூட இப்படித் தப்பாகக் குறைத்துக் காட்டலாம் என்று 2017-இல் எஃப்டிஏ எச்சரித்திருக்கிறது. ஒரு வாரம் நிறுத்திவிட்டு வேறு லேபில் எடுத்தேன், நார்மல். சொட்டையும் 1 மில்லிக்கு இறக்கினேன், இரண்டு வாரத்தில் உப்பல் போனது. அந்த டாக்டர் ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டதால் தப்பித்தேன். பயோட்டின் குறைபாடு இல்லாத ஆளுக்கு அதனால் முடி வராது, அந்த டப்பா குப்பைக்குப் போனது.

அப்புறம் ஃபோமுக்கு மாறினேன். அரிப்பு பத்து நாளில் போயேபோச்சு. ஆனால் ஃபோமைக் கண்டுபிடித்தவர்கள் சென்னையில் மே மாதம் இருந்ததில்லை. உடம்புச் சூடு பட்டாலே கரைகிற மாதிரி அதைச் செய்திருக்கிறார்கள், விரலில் எடுக்குமுன் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவிக்கொள்ளவும் என்று கேன் மேலேயே போட்டிருக்கிறது. எங்கள் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மத்தியானம் டீ போடலாம் போல வரும். ஃப்ரிட்ஜ் பாட்டிலில் விரலை நனைத்து, ஒரு எவர்சில்வர் தட்டில் ஃபோமைப் பீய்ச்சி, அங்கிருந்து ஓட்டமாகத் தலைக்குக் கொண்டுபோகிற ஒரு டெக்னிக் வைத்திருக்கிறேன். விலை சொட்டைவிட அதிகம்.

இனி மாத்திரை. இதைத்தான் நிறையப் பேர் கேட்கிறீர்கள், எனக்கும் எழுதக் கூச்சமாக இருக்கிற பகுதி இதுதான்.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அட்டையை எடுத்துப்போக மறந்துவிட்டேன். ராத்திரி அப்பாவின் மருந்து டப்பாவில் தலைவலி மாத்திரை தேடினால், அதில் ஃபினாஸ்டரைடு. அதே பேர், 5 மில்லிகிராம். அப்பாவுக்கு ப்ராஸ்டேட் வீக்கம், இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார். நான் அட்டையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டு, “ஏல, ஒனக்குமா மூத்திரப் பிரச்சினை?” என்றார். முடிக்கு என்று சொன்னதும் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, “எனக்கு ரெண்டு வருசமா ஒண்ணும் மொளைக்கலையே” என்றார். அவருக்குப் போய் முப்பது வருடம் ஆகிவிட்டது, வேரே இல்லாத இடத்தில் எந்த மாத்திரையும் முளைக்க வைக்காது என்று சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஆனால் அவர் தயவில் ஒரு நல்ல காரியம் நடந்தது. இந்த மாத்திரை பிஎஸ்ஏ என்கிற ப்ராஸ்டேட் பரிசோதனை எண்ணைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்துக் காட்டும், அதை இரண்டால் பெருக்கிப் பார்க்கவேண்டும். அப்பாவின் டாக்டருக்கு அது தெரியும். ஆனால் முடிக்காக 1 மில்லிகிராம் சாப்பிடுகிற ஆள் நாற்பது ஐம்பது வயதில் மாஸ்டர் செக்கப் போய் இதைச் சொல்லாமல் விட்டால் லேப்காரருக்கு எப்படித் தெரியும்? சொல்லிவிடுங்கள்.

சரி, அன்று ராத்திரி. 5 மில்லிகிராமை நாலாக வெட்டினால் 1.25, கிட்டத்தட்ட கணக்குச் சரி, காசும் மிச்சம், நிறையப் பேர் செய்வதுதான். அடுப்பு மேடையில் காய்கறிக் கத்தியை வைத்து வெட்டினேன். மாத்திரை நாலாகவில்லை, இரண்டு துண்டும் மீதி பொடியுமாக மேடையெல்லாம் சிதறியது. மறுநாள் விடிகாலை என் மனைவி அதே மேடையில் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது இரண்டு மாதம்.

அப்பாவின் அட்டை வந்த பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை அன்றைக்குத்தான் முதல்முறையாக முழுசாகப் படித்தேன். கர்ப்பமாக இருக்கிறவர்கள், கர்ப்பத்துக்கு வாய்ப்பு உள்ளவர்கள், உடைந்த அல்லது பொடித்த மாத்திரையைக் கையாலும் தொடக்கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருந்தால் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். இது சும்மா சட்டத்துக்காக எழுதின வரி இல்லை, மருந்தின் மூலக்கதையே அங்கேதான் இருக்கிறது. டொமினிகன் குடியரசில் ஒரு கிராமத்தில் சில பிள்ளைகள் பிறக்கும்போது பெண் போலத் தெரிந்து, வயதுக்கு வரும்போது ஆணாக மாறுவதை ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற அமெரிக்க டாக்டர் ஆராய்ந்து 1974-இல் எழுதினார். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை, அதைவிட வீரியமான டிஹெச்டி என்ற ஹார்மோனாக மாற்றுகிற ஒரு நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்குப் பெரியவர்களானபின் ப்ராஸ்டேட் சின்னது, தலை வழுக்கையாவதும் இல்லை. அந்த நொதியை மாத்திரையால் அடக்கினால் என்ன என்று மெர்க் கம்பெனி கிளம்பியதில் வந்ததுதான் ஃபினாஸ்டரைடு. 1992-இல் ப்ராஸ்டேட்டுக்கு 5 மில்லிகிராம், 1997-இல் முடிக்கு 1 மில்லிகிராம். வளர்ந்த ஆணுக்கு டிஹெச்டி குறைந்தால் முடி நிற்கிறது. கருவில் இருக்கிற ஆணுக்கு அதே டிஹெச்டிதான் உடம்பை வடிக்கிறது.

மூன்று நாள் தூங்கவில்லை. மகப்பேறு டாக்டர் அம்மா நிதானமாகக் கேட்டுவிட்டு, மேடையில் சிந்தின துளி பொடிக்கெல்லாம் பயப்படவேண்டாம், இனிமேல் செய்யாதீர்கள் என்றார். ஆகஸ்டில் மகன் பிறந்தான், நன்றாக இருக்கிறான். ஆனால் இனி எந்த வீட்டிலும் அந்த மாத்திரையை யாரும் சமையலறையில் வெட்டுவதைப் பார்த்தால் கையைத் தட்டிவிடுவேன். முழு மாத்திரை மேல்பூச்சோடு இருக்கும்வரை தொட்டால் ஒன்றுமில்லை, உடைத்தால்தான் பிரச்சினை. இதே காரணத்துக்காகத்தான் ரத்ததானமும் கூடாது. ஆபீஸ் முகாமில் படிவத்தைப் பார்த்த நர்ஸ், கடைசி மாத்திரை போட்டு ஒரு மாதம் கழித்து வாங்க சார் என்று பிஸ்கட் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார், ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம் இல்லையா. (தலைக்குச் சாப்பிடுகிற மாத்திரை எங்கெல்லாம் வந்து நிற்கிறது பாருங்கள். 2007-இல் பிரேசில் கால்பந்து வீரர் ரொமாரியோ ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியதும் இதே மாத்திரையால்தான், அப்போது அது தடைப்பட்டியலில் இருந்தது, 2009-இல் எடுத்துவிட்டார்கள்.)

இப்போது அந்த விஷயம். மார்ச், ஏப்ரல் வாக்கில் ஆசை குறைந்தது. சுத்தமாக இல்லாமல் போகவில்லை, வானொலியை யாரோ பாதி சத்தத்துக்குத் திருகி வைத்த மாதிரி. விந்தின் அளவும் குறைந்த மாதிரி தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அதற்கு நான் எக்செல்லில் தனி நெடுவரிசை போட்டது ஏப்ரலில்தான். மனைவி கர்ப்பம், புராஜெக்ட் ரிலீஸ், ஐந்து மணி நேரத் தூக்கம், இத்தனைக்கும் நடுவில் காரணம் மாத்திரைதான் என்று எப்படிச் சொல்வது? ராத்திரி ஒரு மணிக்கு போனை வைத்துக்கொண்டு ஊர் உலகத்தில் இந்த மாத்திரையால் வாழ்க்கை போனவர்கள் எழுதினதை எல்லாம் படித்தேன். படித்த மறுநாள் காலை ஒரு புது அறிகுறி வரும். மார்பு வலி என்று படித்தால் மார்பு வலித்தது, அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் வலிக்கும். மூளை மந்தம் என்று படித்தால் அன்றைக்கு வண்டிச் சாவியைத் தொலைத்தேன். எக்செல்லில் அறிகுறிக்கு முதலில் ஒரு நெடுவரிசைதான் இருந்தது, மே மாதம் பதினொன்று ஆகிவிட்டது.

கடைசியில் நேரில் ஒரு ஸ்கின் டாக்டரைப் பார்த்தேன், வேளச்சேரிப் பக்கம், ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு போனில் இருந்த எக்செல்லை நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கம்பெனி சோதனைகளில் முதல் வருடம் இந்த மாதிரிப் பாலியல் தொந்தரவு சொன்னவர்கள் மாத்திரை சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதம், வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதம் என்றார். அப்புறம் இத்தாலியில் ஃப்ளோரன்ஸில் செய்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, ப்ராஸ்டேட்காரர்களுக்கு 5 மில்லிகிராம் கொடுத்து, ஒரு பாதிப் பேரிடம் ஆண்மைக் குறைவு வரலாம் என்று சொன்னார்கள், மறுபாதியிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாதவர்களில் 15.3 சதவீதம் பேர் தொந்தரவு என்றார்கள், சொன்னவர்களில் 43.6 சதவீதம்.

அப்போ எனக்கு எல்லாம் மனசுதானா டாக்டர் என்றேன். அந்த 15 சதவீதம் பேருக்கு யாரும் சொல்லாமலேதானே வந்தது என்றார். இந்த பதில் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் எல்லா இடத்திலும் இரண்டே கட்சிதான், ஒன்று எல்லாம் உன் பிரமை என்பார்கள், இல்லை அது விஷம் என்பார்கள். நிறுத்தியபின்னும் சிலருக்குத் தொந்தரவு தொடர்ந்ததாக வந்த புகார்களை வைத்து 2012-இல் எஃப்டிஏ எச்சரிக்கையை மாற்றியது. 2022-இல் தற்கொலை எண்ணம் என்பதையும் லேபிளில் சேர்க்கச் சொன்னது. 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமையும் தற்கொலை எண்ணத்தை ஃபினாஸ்டரைடு மாத்திரையின் பக்கவிளைவு என்று உறுதி செய்தது, புகார்களில் அதிகம் 1 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுடையது. சாப்பிடுகிற பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, அதுவும் உண்மை. முன்பே மனச்சோர்வு இருந்தவர்கள் ஆரம்பிக்குமுன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும், சாப்பிடும்போது மனசு இருண்டால் நிறுத்திவிட்டு உடனே போய்ப் பார்க்கவேண்டும். அந்த போன் டாக்டர் கேட்காமல் விட்டது இதைத்தான்.

நிறுத்திப் பாருங்கள், இரண்டு வாரத்தில் டிஹெச்டி பழையபடி வந்துவிடும், மூன்று மாதம் கழித்து வாருங்கள், அதுவரை அந்த எக்செல்லை அழித்துவிடுங்கள் என்றார். மாத்திரையை நிறுத்தினேன். எக்செல்லை அழிக்கவில்லை, ஆனால் திறக்கவில்லை. ஆறாவது வாரம் எல்லாம் சரியாகியிருந்தது, எந்த நாளில் என்று தேதி சொல்லத் தெரியவில்லை, என் வாழ்க்கையில் நான் குறித்து வைக்காத ஒரே விஷயம் அதுதான். மாத்திரையை நிறுத்தியதாலா, படிப்பதை நிறுத்தியதாலா, ரிலீஸ் முடிந்ததாலா? இன்றுவரை எனக்கு விடை இல்லை. திரும்பச் சாப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், டெஸ்டிங்காரன் அதைத்தான் செய்யவேண்டும். நான் செய்யவில்லை. டாக்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாம் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். டுட்டாஸ்டரைடு என்று இன்னும் வலுவான அண்ணன் ஒருவன் இருக்கிறான், உடம்பில் பாதி குறையவே ஐந்து வாரம் ஆகும், ஏதாவது ஆனால் அது வெளியே போகிறவரை நான் தாங்கமாட்டேன். தலையில் தடவுகிற ஃபினாஸ்டரைடும் மினாக்ஸிடிலோடு கலந்து விற்கிறது. தடவுவதுதானே என்று நினைக்கவேண்டாம், அதுவும் ரத்தத்துக்குப் போகும், அதே தொந்தரவுகள் வந்த புகார்களை வைத்து 2025-இல் எஃப்டிஏ எச்சரித்தது.

குழந்தை வந்தபிறகு மினாக்ஸிடிலிலும் ஒரு புதுக் கவலை. தலையணையில் ஒட்டுகிற மருந்து, அதே தலையணையில் குழந்தை. தகப்பன் தலைக்குப் போட்ட மினாக்ஸிடில் பட்டு, வாயில் போய், கைக்குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்த சம்பவங்கள் வந்து, 2024-இல் ஐரோப்பிய முகமை அதற்கும் எச்சரிக்கை சேர்த்தது. தொடுவதை நிறுத்தியதும் சில மாதத்தில் சரியானதாம். நான் ராத்திரி போடுவதை விட்டுவிட்டேன், காலை ஒருவேளைதான், போட்டுக் காய்ந்து கை சோப்புப் போட்டுக் கழுவினபிறகுதான் மகனைத் தூக்குவது. இரண்டு வேளை ஒரு வேளை ஆனதில் முடிக்கும் கொஞ்சம் நஷ்டம்தான். வீட்டில் பூனை வளர்க்கிறவர்கள் இன்னும் உஷாராக இருங்கள், பூனைக்கு மினாக்ஸிடில் விஷம், தடவின தலையை நக்கினாலே உயிருக்கு ஆபத்து. எங்கள் பிளாக்கில் ஒரு மஞ்சள் பூனை உண்டு, பால்கனியில் காயப்போட்ட தலையணை மேல்தான் படுக்கும். இப்போது உறையைத் துவைத்துவிட்டுத்தான் காயப்போடுகிறேன்.

அக்காவைப் பற்றி ஒரு வரி. திருச்சியில் இருக்கிறாள், பிரசவம் முடிந்த மூன்றாவது மாதம் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று என் பழைய 5 சதவீத பாட்டிலைக் கேட்டாள், நானும் அறிவில்லாமல் கொடுத்தனுப்பினேன். காதோரம் மென்மயிர் வந்தது, நிறுத்தியபின் போனது. தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது, தவிர பிரசவத்துக்குப் பிந்தைய முடி உதிர்வு பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அக்காவுக்கும் சரியானது.

மார்க் போடச் சொன்னால், மினாக்ஸிடில் ஃபோமுக்குப் பத்துக்கு ஏழு, சொட்டுக்கு ஐந்து. ஃபினாஸ்டரைடுக்கு வேலையில் எட்டு, என் ராத்திரிகளைக் கேட்டால் மூன்று. அந்த டப்பா கம்பெனிக்கு முட்டை, நன்றி கார்டுக்காகக்கூட ஒரு மார்க் கிடையாது. வேளச்சேரி அம்மாவுக்கு ஃபீஸ் 600 ரூபாய் கொடுத்தேன், முதலிலேயே கொடுத்திருந்தால் மற்ற எல்லாவற்றிலும் பாதி நடந்திருக்காது.

ஃபோமை நிறுத்தினால் மூன்று நாலு மாதத்தில் வந்ததெல்லாம் போய்விடும், அதனால் இது ஆயுசுக்கும் கட்டவேண்டிய வாடகை. போன வாரம் சலூன் அண்ணன் உச்சியைச் சீப்பால் விலக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மெஷினை எடுத்து நம்பர் மூன்று சீப்பை மாட்டி, “ஒரே அளவா போட்டுட்டா நல்லாருக்கும் தம்பி, போடவா?” என்றார். அடுத்த மாதம் பார்க்கலாம் அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போதைய கேனில் இன்னும் பத்து நாளைக்கு இருக்கிறது.